முதல் குடம்

அம்மாபேட்டை, சேலம்
21-1-1937, தை

அன்புள்ள தங்கை கந்தம்மாளுக்குப் பெரியநாயகி எழுதுவது.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகந்தானே? உன் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருந்தேனே, அதைத் தேய்க்கிறாயா, மாடத்தில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலிருந்து சென்னிமலை அண்ணன் வந்திருந்தார். நம் பெரியப்பா மகன் என்றாலும், தம்பி நாச்சிமுத்து ஐப்பசியில் காய்ச்சலில் போனபோது ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அம்மிணி, பங்குனி வருதல்லொ. இந்த வருஷம் முதல் குடம் நம்ம ஊட்டுக்கு மாறுது. ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போலாமுன்னு வந்தேன்."

"நம்ம வீடு என்றால் எந்த வீடு, அண்ணா?"

"எங்க ஊடுதான். உங்க ஊடுதான் நாச்சிமுத்தோட அணைஞ்சு போச்சே."

"நானும் கந்தம்மாளும் இருக்கிறோமே."

அவர் சிரித்தார். "பொட்டப்புள்ளைக ரெண்டு இருந்தா அது ஊடாயிருமா? நீ பள்ளிக்கூடத்துல இருக்கறே. அவ இன்னொருத்தன் ஊட்டுல இருக்கறா. உங்கப்பன் ஊட்டுல ஆரு இருக்கறா?"

பிறகு, நான் ஏதோ அயலூர்க்காரி போல, முறையை எனக்கு விளக்கினார். நம் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில் ஊற்றும் தண்ணீரைக் கால்நடையாகக் காவேரிக்குப் போய் எடுக்க வேண்டும். கரைத் தண்ணீர் ஆகாது. ஜேடர்பாளையத்து அணைக்கு மேலே, ஆனைப்பாறைக்கு அப்பால் உள்ள மடுவுக்கு நீந்திப் போய் நிரப்ப வேண்டும். முதல் குடம் நம் வீட்டு உரிமை. அந்த வீட்டு ரத்தம் ஒரு வருஷம் மடுவில் இறங்காவிட்டால், உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். திரும்பி வராது.

"ரத்தம்" என்றுதான் அவர் சொன்னார். ஆண் என்று சொல்லவில்லை. அவர் போனபிறகு வெகுநேரம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கந்தம்மா, எனக்குப் பதின்மூன்று வயதில் தாலி போயிற்று. அன்றிலிருந்து எந்தத் திருவிழாவிலும் என் இடம் கூட்டத்தின் பின்னால்தான். அப்பா என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார், பி.ஏ. வரைக்கும் படித்தேன். ஊருக்குத் திரும்பியபோது அதே பின்வரிசை எனக்காகக் காத்திருந்தது. தம்பி மட்டும் வருஷந்தோறும் குடத்தில் மிஞ்சிய தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் என் கையில் ஊற்றுவான். யாரும் பார்க்காமல் அல்ல, வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க.

அவன் வைத்த குடத்தை நான் எடுக்கப் போகிறேன். நடப்பேன், நீந்துவேன், சுமந்து வருவேன்.

ஒன்றுக்கு மட்டும் நீ வேண்டும். நிரம்பிய குடத்தை எடுத்தவரே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் பிறந்த சுமங்கலி ஒருத்தி ஏற்றிவிட வேண்டும். தம்பிக்கு வருஷாவருஷம் நீதானே ஏற்றிவிட்டாய்? எனக்கும் வந்து ஏற்றிவிடு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அக்காள் பெரியநாயகி


பரமத்தி வேலூர்
3-2-1937, தை

என் அக்காளுக்குக் கந்தம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சவுக்கியம். உன் சவுக்கியத்துக்குக் கடிதம் போடவும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்தேன். உனக்கு நாற்பத்துநாலு வயது அக்கா. நாம் நீந்தினது எப்போது? நம் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா தூக்கிப் போடுவார். நீ முங்கி எழுந்து சிரிப்பாய். நாச்சிமுத்து அண்ணன் அழுவான். நான் படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருப்பேன். அது கிணறு, இது காவேரி. மேட்டூரில் அணை கட்டினபிறகு பங்குனியில் மணல்தான் அதிகம் என்று சொல்கிறார்கள். ஆனாலும் ஆனைப்பாறை மடு வற்றினதில்லை. போன வருஷம் ஓர் எருமை போய்விட்டது.

அண்ணனே திரும்பி வரும்போது மூச்சிரைத்து நிற்பான். போகும்போது காலிக் குடத்தைக் கவிழ்த்து மாரோடு அணைத்துக்கொண்டால் அது மிதந்து நம்மைத் தாங்கும். வரும்போது குடம் நிரம்பியிருக்கும். நாம்தான் அதைத் தாங்க வேண்டும். கரைத் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்று தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு கையால் நீந்துவான். நீ எப்படிச் செய்வாய்?

இங்கே வெற்றிலைக் கொடிக்கால்களில் நல்ல தளிர். உனக்கு ஒரு கவுளி வெற்றிலை அனுப்பியிருக்கிறேன். சின்னவன் நாலாம் வாய்ப்பாடு சொல்கிறான்.

எனக்கு முட்டி மறுபடியும் வலிக்கிறது.

தங்கை கந்தம்மாள்


அம்மாபேட்டை
15-2-1937, மாசி

அன்புள்ள கந்தம்மாளுக்கு,

வெற்றிலை வாடாமல் வந்தது. பல்லில்லாத பக்கத்து வீட்டுச் சுப்பம்மாளும் இடித்துப் போட்டுக்கொண்டு உன்னை வாழ்த்துகிறாள். இங்கே மழையும் இல்லை, நோயும் இல்லை.

"எப்படிச் செய்வாய்" என்று கேட்டிருந்தாய். செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் விடியுமுன் எழுந்து கன்னங்குறிச்சி ஏரிவரை நடக்கிறேன். அங்கிருந்து சேர்வராயன் மலையடிவாரத்துப் பாதையில் காலுக்குச் சூடு பிறக்கும்வரை ஏறி இறங்கி, பிறகு ஏரியில் இறங்குகிறேன். நடந்து வேர்த்த உடம்பு குளிர்ந்த நீரில் நுழையும்போது எனக்கு வயது எதுவும் இல்லை. சென்னையில் கல்லூரிக்கு எதிரேயே கடல் இருந்தது. நாலு வருஷமும் எங்களை முழங்காலுக்குமேல் நனைய விடவில்லை. அந்தக் கடனையெல்லாம் இந்த ஏரி தீர்க்கிறது.

முதல் நாள் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, தலையில் தம்பியின் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "ஐயோ, டீச்சரம்மாவுக்குக் கால் வழுக்கிருச்சு!" என்று மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வீசினார். "வழுக்கவில்லை, நீந்துகிறேன்" என்றேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நீந்தறதுன்னா சொல்லீட்டு நீந்துங்கம்மா, மாடு பயந்துக்குது" என்றார்.

செய்தி பள்ளிக்கூடத்துக்கு எனக்கு முன்னே போய்விட்டது. கமிட்டிச் செயலாளர் என்னை அழைத்தார்.

"நீங்கள் ஏரியில் நீந்துவதாகச் சொல்கிறார்கள்."

"ஆமாம்."

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு கௌரவம் உண்டு."

"ஏரி பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குள் இல்லையே."

"நீங்கள் உள்ளே இருக்கிறீர்களே."

"மணி அடிக்குமுன் வந்துவிடுகிறேன். தலைதான் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. ஈரத்தலைக்கு விதி இருந்தால் காட்டுங்கள்." விதிப் புத்தகத்தை உண்மையாகவே எடுத்துப் புரட்டினார், பாவம்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். குடத்தை நிரப்பி, வாயில் வாழையிலை வைத்து மஞ்சள் துணியால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள்ளேயே இழுத்து வந்தேன். நம்ப மாட்டாய், ஒரு விரலுக்கு அடங்கி வந்தது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரம் கிடையாது. இதை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தம்பி ஒவ்வொரு வருஷமும் தோள் கடுக்க மூச்சிரைத்து வந்து நின்றபோது இது என் புத்திக்கு எட்டவே இல்லை. நம் ஆட்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகக் குடத்தைத் தூக்கிப் பிடித்தே களைத்திருக்கிறார்கள்.

பயமில்லை என்று எழுத மாட்டேன். நடு ஏரியில் கீழே தரை தட்டாதபோது பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும்போதும் அதே பயம்தான் வந்தது. இதில் குளிர்ச்சியாவது மிஞ்சுகிறது.

நீ எல்லாம் எழுதினாய். வருவாயா என்பதை எழுதவில்லை.

அன்புடன்,
பெரியநாயகி


பரமத்தி வேலூர்
23-2-1937, மாசி

அக்காளுக்கு, இங்கே எல்லோரும் க்ஷேமம்.

ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வேலூர்த் துறையில் இடுப்பளவுதான். ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து கரும்பு வண்டி ஓட்டி வந்தவரைக் கேட்டேன். ஆனைப்பாறையை ஒட்டி மட்டும் இழுப்பு இருக்கிறதாம். பாறைக்கு மேற்கால் பக்கமாகச் சுற்றிப் போனால் இழுக்காதாம். கிழக்கால் பக்கம் போகாதே. இதை மறக்காதே.

கடையில் வேலை அதிகம். பங்குனியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் திருவிழாச் சேலை வியாபாரம் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. என் முட்டியும் அப்படியே இருக்கிறது.

ஏரியில் தனியாக இறங்காதே.

கந்தம்மாள்


அம்மாபேட்டை
3-3-1937, மாசி

அன்புள்ள கந்தம்மாளுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இப்போது எழுதுவதைச் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ராசிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போனேன். கோயில் முன்னால் குடம் எடுக்கும் வீட்டார் எல்லோரும் கூடியிருந்தார்கள். பூசாரி தண்டாயுதபாணியிடம், "எங்கள் வீட்டுக் குடத்துக்கு நான் இறங்குகிறேன்" என்றேன். உடனே சென்னிமலை அண்ணன் ஆரம்பித்தார்.

"ஏனுங்க பூசாரி, பொம்பளை. அதுலயும் தாலியறுத்தவ. அவ கைத் தண்ணியில ஆத்தா குளிப்பாளா?"

பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ரத்தம் இறங்கோணும்னுதான் எங்கப்பாரு சொல்லீருக்கறாரு. ஆம்பளை ரத்தம், பொம்பளை ரத்தம்னு அளந்து சொல்லலீங்க. ஆத்துல இறங்கறது அந்தம்மா பாடு. ஆனா ஏத்தி உடறது பொறந்த ஊட்டுச் சுமங்கலியா இருக்கோணும். அதுல மாத்தமில்லீங்க. ஏத்தி உட ஆளில்லீன்னா தண்ணிய ஆத்துலயே ஊத்தீரோணும்."

"என் தங்கை வருவாள்" என்றேன்.

அப்போதுதான் அண்ணன் சிரித்தார். "வருவாளா? வேலூர்க் கடையில உங்க மாப்பிள்ளை சண்முகவேலு அடுக்கியிருக்கற சேலையெல்லாம் எந்தத் தறியில நெய்ஞ்சதுன்னு கேட்டுப் பாரு. நாளைக்கே நான் சரக்கை நிறுத்துனா அங்க வெறும் பலகைதான் இருக்கும். உன் தங்கச்சிக்கு முட்டிவலியாமே?"

உன் முட்டிவலி அவருக்கு எப்படித் தெரியும், கந்தம்மா?

அவர் மனைவி ராசாத்தி அண்ணி மட்டும் நான் திரும்பும்போது பின்னாலேயே வந்து, "அம்மிணி, மெய்யாலுமே நீந்துவீங்களா? எனக்கெல்லாம் வாய்க்கால்ல கால் வெச்சாலே தலை சுத்துது" என்றாள். "நீந்துவேன்" என்றேன். "அந்தக் கூத்தைப் பாக்கறதுக்காச்சும் நானும் நடந்து வாரேன்" என்று போய்விட்டாள்.

மாப்பிள்ளையின் கடை உனக்குப் பெரிதுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நேராக எழுது. வர முடியாது என்றாலும் நேராக எழுது.

பெரியநாயகி


அம்மாபேட்டை
16-3-1937, பங்குனி

கந்தம்மாளுக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

உத்திரத்துக்கு நாலு நாள் முன்னதாக ஊரிலிருந்து நடை புறப்படுகிறது. வையப்பமலை வழியாகப் போய் இரண்டாம் நாள் பொழுது சாய ஜேடர்பாளையம். மறுநாள் வெயில் ஏறுமுன் மடுவில் இறங்குவோம். அரசமரத்துப் படித்துறையில் நில். நான் கரையைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

அக்காள்


பரமத்தி வேலூர்
20-3-1937

அக்காளுக்கு. சவுக்கியம். வருவதற்கு இல்லை. பாறைக்கு மேற்கால் பக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

கந்தம்மாள்


அம்மாபேட்டை
2-4-1937, பங்குனி

கந்தம்மாளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் விசாரிப்பை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

நடந்ததை நீ வேறு வாயால் கேட்குமுன் என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

முதல் நாள் என்னோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை. தப்பட்டை முன்னே, குடக்காரர்கள் அடுத்து, பிறகு ஒரு வெற்றிடம், அதில் நான். செருப்பில்லாத காலில் செம்மண் சுட்டது. ஆனால் பங்குனியை யாரும் என்னிடமிருந்து மறைக்க முடியாதே. புங்கமரமெல்லாம் புதுத் தளிர், வேப்பம்பூ வழியெல்லாம் கொட்டிக் கிடந்தது, வையப்பமலை ஏற்றத்தில் காற்று எதிர்வந்து முகத்தைத் துடைத்தது. ஏரிப் பயிற்சியில் கால் பழகியிருந்ததால் மலை தாண்டியபோது முன்னால் போன ஆண்கள் இரண்டுபேர் எனக்குப் பின்னால் இருந்தார்கள். ராசாத்தி அண்ணி, "மெதுவா போங்க அம்மிணி, ஆம்பளைக மானத்தையும் கொஞ்சம் பாருங்க" என்று பின்னாலிருந்து கத்தினாள். அதன்பிறகு அவள் என் பக்கத்திலேயே நடந்தாள். அந்த வெற்றிடம் அவளால் நிரம்பியது.

மூன்றாம் நாள் காலை ஆற்றில் இறங்கினேன். காலிக் குடத்தைக் கவிழ்த்து அணைத்துக்கொண்டேன். அது தம்பியின் குடம், அவன் மோதிரம் தட்டித் தட்டிக் கழுத்தில் சொட்டை விழுந்த குடம். மணல்திட்டு முடிந்து தரை நழுவியதும் அது என்னை வாங்கிக்கொண்டது. பாறைக்கு மேற்கால் பக்கமாகச் சுற்றினேன். நீ எழுதிய ஒன்று அங்கே எனக்கு உதவியது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். கிழக்கே தண்ணீர் சுழித்து ஓடும் சத்தம் கேட்டது.

மடுவில் தண்ணீர் கறுத்துக் குளிர்ந்திருந்தது. குடத்தை நிமிர்த்தி அமிழ்த்தினேன். அது கொப்புளித்துக் கொப்புளித்துப் பேசிவிட்டு அடங்கியது. இலையை வைத்து, துணியைக் கட்டி, நீருக்குள்ளேயே இழுத்துத் திரும்பினேன். நடுவழியில் சென்னிமலை அண்ணன், இரண்டாம் குடத்தைத் தோளில் தூக்கிப் பிடித்து, தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துப்பிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, குடத்தைத் தண்ணீருக்குள் விடுங்கள். கனக்காது" என்றேன்.

"உன்ற சோலியப் பாரு!" என்றார். அதற்கும் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிற்று.

நான் முன்னே வந்து, மார்பளவு நீரில் கால் ஊன்றி, படித்துறையைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை.

பூசாரி நின்றார். தப்பட்டை நின்றது. அண்ணன் எனக்குப் பின்னால் கரையேறி, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏத்தி உட ஆரு இருக்கறா? சொல்லுங்க பூசாரி. முறை முறைதானே? ஊத்தச் சொல்லுங்க."

பூசாரி என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "தாயி, நான் என்ன பண்ணட்டும்? ஆளில்லையே. ஊத்தீருங்க."

கந்தம்மா, அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. கோபங்கூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இத்தனை தூரம் வந்து இந்தத் தண்ணீரை நான் ஊற்றப் போவதில்லை. என் கை நீருக்குள் குடத்தைப் பிடித்திருந்தது. குடம் கனக்கவே இல்லை.

நான் முங்கினேன்.

கண்ணைத் திறந்தேன். பச்சை வெளிச்சத்தில் குடம் என் முகத்துக்கு நேரே நின்றது. மணலில் மண்டியிட்டு, அதன்கீழ் என் தலையைக் கொடுத்தேன். அது தானாக வந்து தலைத்துண்டுச் சும்மாட்டின்மேல் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எழுந்தேன். தலை நீரைவிட்டு வெளியே வர வரத்தான் பாரம் வந்தது. நிமிர்ந்து நின்றபோது முதல் குடம் என் தலையில் இருந்தது.

அண்ணன், "இது செல்லாது! அவளே தூக்கி வெச்சுக்கிட்டா!" என்று கத்தினார்.

"ஆரு பாத்தா?" இது ராசாத்தி அண்ணியின் குரல். இடுப்பில் கை வைத்துப் படித்துறைக்கு இறங்கி வந்தாள். "ஏனுங்க பூசாரி, ஆடிப் பதினெட்டுக்குக் காவேரிக்குக் கருகமணியும் காதோலையும் உட்டமே. அவ தாலி கட்டினவளா, அறுத்தவளா?"

"கட்டினவதான் தாயி."

"அவ எந்த ஊட்டுல பொறந்தவ?"

பூசாரி யோசித்தார். "அவளுக்கு எல்லா ஊடும் பொறந்த ஊடுதான்."

"அப்பொ இந்தக் குடத்தை ஏத்தி உட்டது ஆரு?"

அண்ணன் பல்லைக் கடித்தார். "ஏன்டி, நீ எந்த ஊட்டுக்காரி?"

"நீங்க கட்டிட்டு வந்த ஊட்டுக்காரிதானுங்க. அதுக்காகக் காவேரியைத் தாலியறுத்தவன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? நீங்களே சொல்லுங்க, கேக்கறோம்."

அவர் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு யார் சொல்வார்? பூசாரி தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "குடம் போகட்டும்" என்றார். தப்பட்டை அடித்தது.

என் கைதான் விளிம்பைப் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் தூக்கியது நான் அல்ல, ஆறு. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

திரும்பும் வழியெல்லாம் நான் முன்னால் நடந்தேன். உத்திரத்தன்று அம்மன் தலையில் முதல் தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர். மிஞ்சியதை ஊற்றத் தம்பி இல்லாமல் நானே என் கையில் ஊற்றிக்கொண்டேன்.

நீ வரவில்லை. ஏன் என்று இனிக் கேட்க மாட்டேன்.

பெரியநாயகி


பரமத்தி வேலூர்
26-4-1937, சித்திரை

என் அக்காளுக்குக் கந்தம்மாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது, எழுத ஒன்றும் இல்லாததால் இல்லை.

எனக்கு முட்டிவலி கிடையாது அக்கா. என்றைக்குமே கிடையாது. உன் தைலம் மாடத்தில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் அவர்கள் "போக வேண்டாம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு முட்டி வலிக்கும். ஊருக்கு அதுதான் மரியாதையான பதில். சென்னிமலை அண்ணனுக்கு அதை எழுதினதும் அவர்கள்தான்.

நான் அன்றைக்கு வந்தேன்.

கொடுமுடிக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முந்தின நாளே பரிசலில் அக்கரைக்குப் போனேன். அங்கே தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, விடிந்ததும் கரையோடு நடந்து ஆனைப்பாறைக்கு எதிரே வந்து நின்றேன். அத்தனை தூரம் நடந்த முட்டி, வலிக்கவே இல்லை. பரிசல்காரர் இருந்தார். "ஏறுங்கம்மா, உட்டுட்டு வாரேன்" என்றார். ஒரு காலை வைத்தேன். அங்கே படித்துறையில் சென்னிமலை அண்ணன் நிற்பார், கடைக்குச் சரக்கு நின்றுவிடும், வீட்டில் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக வந்தது. காலை எடுத்துவிட்டேன். கிணற்றுப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதே மாதிரி அங்கே நின்றேன்.

உன் தலைத்துண்டு பாறையைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். மேற்கால் பக்கமாகவே வந்தாய். நீ நின்று கரையைப் பார்த்தாய். என்னைத்தான் தேடுகிறாய் என்று தெரிந்தது. நான் உனக்குப் பின்னால் நின்றேன், அத்தனை பெரிய ஆற்றுக்கு அப்பால். பிறகு நீ முங்கினாய். எழவில்லை. நான் கத்தினேன் அக்கா. பரிசல்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். அப்போது தண்ணீரிலிருந்து குடம் வந்தது, அதன் கீழே நீ வந்தாய்.

பரிசல்காரர் கேட்டார்: "ஆருங்க அது?"

"எங்க அக்கா. எங்க ஊட்டுக் குடம்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். கேட்க அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் கேட்டார்கள். "கொடுமுடியில கூட்டமா?"

"நான் கொடுமுடிக்குப் போகலீங்க. அக்கா குடம் எடுத்ததைப் பாக்கப் போனேன்."

"சென்னிமலைக்குத் தெரிஞ்சா என்னாகும் தெரியுமா?"

"தெரியட்டும்னு நானே கடிதாசி போட்டுட்டனுங்க. இனிமே எனக்கு முட்டிவலி இல்லீன்னும் எழுதீட்டேன்."

இரண்டு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வந்து, "ரசம் இருக்குதா?" என்றார்கள். இருந்தது. சரக்கு நின்றுதான் போயிற்று. இப்போது கொமாரபாளையத்திலிருந்து வருகிறது. சாயம் கொஞ்சம் மட்டம், ஆனால் கடையில் வெறும் பலகை இல்லை.

இன்னொன்று. ஒரு பித்தளைக் குடம் எடுத்துக்கொண்டு தினமும் விடிகாலையில் ஆற்றுக்குப் போகிறேன். அதைக் கவிழ்த்து அணைத்துக்கொண்டு இறங்குகிறேன். துணி துவைக்கிற ஆத்தாயி முதல் நாள் வாயைப் பிளந்துவிட்டாள். "ஏனுங்க, குடத்தைக் கவுத்துப் புடிச்சா எப்படித் தண்ணி ரொம்பும்?"

"ரொப்பறதுக்கு வரலை. போறதுக்கு வந்தேன்" என்றேன்.

இப்போது இடுப்பளவைத் தாண்டிவிட்டேன். தரை தட்டாத இடத்தில் பயம் வருகிறது. நீ எழுதினது சரிதான், குளிர்ச்சி மிஞ்சுகிறது.

அடுத்த பங்குனிக்கு என்னைப் படித்துறையில் தேடாதே. ஏற்றிவிட நான் வரமாட்டேன், அதற்குக் காவேரி இருக்கிறாள். முதல் குடம் உன்னுடையது. நம் வீட்டுக்கு இன்னொரு குடம் எடுக்க முறை உண்டா என்று பூசாரியைக் கேட்டு வை. இல்லை என்றாலும் எடுத்து வருவேன். பாறைக்கு மேற்கால் பக்கமாக, உனக்குப் பின்னாலேயே.

இப்படிக்கு, அப்பா வீட்டில் இருப்பவள்,
கந்தம்மாள்